மழலைக்கு ஏற்ற மருந்தளவு

நுழையும்முன்

ஒரே நோய்க்கு ஒரே மருந்தைக் கொடுத்தாலும் பெரியவர்க்கான அளவு வேறு. குழந்தைக்கான அளவு வேறு. இவ்வளவைக் கணக்கிடுவதில் நேரும் சிறு பிழையும் பெருந்தீங்காக முடியலாம். அப்பிழையைத் தடுக்கக் கணினியும் கைப்பேசியும் இன்று மருத்துவர்க்குத் துணைநிற்கின்றன. அத்துணையின் இயல்பையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

எடையறிந்த கடற்கரை

சங்க காலம் முதலே முத்துக்குப் பெயர்பெற்றது கொற்கை. அதன் வழிவந்த தூத்துக்குடிக் கடற்கரையில் 1961ஆம் ஆண்டு வரை முத்துச் சலாபம் நடைபெற்றது. கரைக்கு வந்த முத்துகளை வெவ்வேறு அளவுத் துளைகள் கொண்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்தனர். பின்பு மஞ்சாடிக் கணக்கில் எடையிட்டனர். எடை சற்றே பிசகினாலும் முத்தின் மதிப்பு மாறிவிடும் என்பதை அக்கடற்கரை மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

முத்தின் எடையில் காட்டிய அந்தக் கவனத்தை மழலையின் எடையிலும் காட்டவேண்டியுள்ளது. முத்தின் எடை பிழைத்தால் இழப்பு பொருளோடு நிற்கும். குழந்தையின் எடை பிழைத்தால் மருந்தின் அளவு பிழைபடும். நோய் தீர்க்க வேண்டிய மருந்தே நஞ்சாகக்கூடும். அல்லது பயனின்றிப் போகக்கூடும்.

குழந்தை, சிறிய உருவிலுள்ள பெரியவர் அன்று

பெரியவர்க்குப் பெரும்பாலும் ‘ஒரு மாத்திரை’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடிகிறது. குழந்தைக்கு அவ்வாறு சொல்ல இயலாது. பிறந்தபோது ஏறத்தாழ மூன்று கிலோகிராம் இருக்கும் குழந்தை, ஓராண்டில் அதைப்போல் மும்மடங்கு எடையை அடைகிறது. ஆகவே, குழந்தைக்குரிய மருந்தளவை ‘ஒரு கிலோகிராம் எடைக்கு இத்தனை மில்லிகிராம்’ என்றே கணக்கிடுகின்றனர்.

எடை ஒன்று மட்டுமே வேறுபாடு அன்று. மருந்தைச் சிதைக்கும் கல்லீரலும், அதை வெளியேற்றும் சிறுநீரகமும் பிறந்த குழந்தைக்கு முழு வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. குளோராம்பெனிகால் என்னும் மருந்து இதற்குச் சான்றாகும். அம்மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்குப் போதாமையால், அது உடலில் தேங்கி உயிரிழப்பை விளைவித்தது 1950களின் இறுதியில் கண்டறியப்பட்டது. குழந்தையின் தோல் சாம்பல் நிறமாக மாறியதால் அது ‘சாம்பல்நிறக் குழந்தை நோய்க்குறி’ எனப்பட்டது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வளரும் பற்களில் நிலையான கறையை உண்டாக்கும் தன்மையின. இவ்வாறு வயதும் எடையும் உறுப்புகளின் முதிர்ச்சியும் ஒருங்கே கருதப்படவேண்டும்.

நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவர் செயலாற்றவேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அறிவுறுத்துகிறது. குழந்தை மருத்துவத்தில் இவ்வறிவுரை ஒவ்வொரு மருந்துச்சீட்டிலும் ஒரு கணக்காகவே வந்து நிற்கிறது.

கணக்கு பிழைக்கும் இடங்கள்

எடுத்துக்காட்டாக, 8 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் எனக் கொள்வோம். பாராசிட்டமால் மருந்தை ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் வீதம் கொடுக்க மருத்துவர் முடிவு செய்கிறார். 8ஐ 15ஆல் பெருக்கினால் ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம் வருகிறது. கணக்கு எளிதுதான். ஆனால், மருந்துக்கடையில் இம்மருந்து ஒரே செறிவில் கிடைப்பதில்லை.

5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள மருந்துநீர் என்றால் 5 மில்லிலிட்டர் கொடுக்கவேண்டும். 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ளது என்றால் 2.4 மில்லிலிட்டர் போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், அதில் 1.2 மில்லிலிட்டர் மட்டுமே தேவை. ‘5 மில்லிலிட்டர்’ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை அவ்வளவு கொடுத்துவிட்டால் குழந்தையின் உடலில் 500 மில்லிகிராம் சேர்ந்துவிடும். இது தேவைக்கு நான்கு மடங்கிற்கும் மேலாகும். அளவு மிகுந்த பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கக்கூடியது.

பிழை நேர வேறு வழிகளும் உண்டு. தசமப்புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் அளவு பத்து மடங்காகும். கையெழுத்துத் தெளிவாக இல்லையெனில் ஒரு மருந்து மற்றொரு மருந்தாகப் படிக்கப்படும். குழந்தையின் எடையைப் பார்க்காமல் உத்தேசமாக எழுதுவதும், வீட்டில் அளவு மூடிக்கு மாற்றாகக் கைக்குக் கிடைத்த கரண்டியைப் பயன்படுத்துவதும் தவறான அளவுக்கே வழிவகுக்கும்.

இத்தகைய பிழைகள் வசதி மிக்க மருத்துவமனைகளிலும் நேர்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் எழுதப்பட்ட 10,778 மருந்து ஆணைகளை ஆய்ந்தபோது 616 பிழைகள் காணப்பட்டன. 2001இல் வெளியான அவ்வாய்வு, தீங்கு விளைவிக்கக்கூடிய பிழைகள் பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளிடம் மும்மடங்கு மிகுதி என்று எடுத்துரைத்தது. இவற்றை மருத்துவரின் அறியாமையால் நேர்ந்தவை என்று மட்டும் கருதுவது பொருந்தாது. புறநோயாளிகள் வரிசை நீண்டிருக்க, அழும் குழந்தை எதிரே இருக்க, மனத்துக்குள்ளேயே பெருக்கலும் வகுத்தலும் செய்யவேண்டிய சூழலே பல பிழைகளுக்கு இடமளிக்கிறது.

முடிவுத்துணை செயல்படும் முறை

மருத்துவர் மருந்தை முடிவுசெய்யும் அதே நேரத்தில், அதற்குத் தேவையான அறிவைக் கணினித் திரையிலோ கைப்பேசியிலோ கொண்டுவந்து தரும் மென்பொருளே ‘மின்னணு முடிவுத்துணை’ எனப்படுகிறது. இதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, குழந்தையைப் பற்றிய விவரங்கள்: வயது, எடை, நோய் அறிகுறிகள், ஒவ்வாமை, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள். இரண்டாவது, அறிவுத்தொகுப்பு: ஒவ்வொரு மருந்துக்கும் உரிய அளவு, மிகையளவின் எல்லை, எவ்வயதினர்க்குக் கூடாது என்னும் செய்தி முதலியன. மூன்றாவது, இவ்விரண்டையும் இணைக்கும் விதிகள். ‘இவ்வாறு இருந்தால் இவ்வாறு செய்க’ என்னும் வடிவில் அவ்விதிகள் அமையும்.

மேலே கண்ட எடுத்துக்காட்டில், குழந்தையின் எடை 8 கிலோகிராம் என்று பதிவிட்டு மருந்தின் பெயரையும் செறிவையும் தேர்ந்தெடுத்தால், எத்தனை மில்லிலிட்டர் என்பதை மென்பொருளே கணக்கிட்டுக் காட்டும். மருத்துவர் தவறுதலாகப் பெரிய எண்ணைத் தட்டினால் எச்சரிக்கும். குழந்தைக்கு ஒவ்வாத மருந்தெனில் தடுத்து நிறுத்தும்.

சலாபக் காலத்தில் முத்துக்குளிப்பவர் கல்லின் துணையோடு கடலுள் இறங்குவார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழிப்புடன் காத்திருப்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார். சிப்பியைத் தேடிக் கண்டெடுப்பவர் மூழ்கியவரே. ஆயினும், கயிறு பிடிப்பவர் இன்றி அவர் இறங்குவதில்லை. மின்னணு முடிவுத்துணையின் பணியும் கயிறு பிடிப்பவரின் பணியை ஒத்தது. நோயை அறிவதும் மருந்தை முடிவுசெய்வதும் மருத்துவரின் பொறுப்பே.

தெரிந்து தெளிவோம்

• நோய்த்தொற்றுக்கு ஏற்ற நுண்ணுயிர் எதிர்ப்பியைப் பரிந்துரைக்கும் ‘மைசின்’ என்னும் கணினி நிரல் 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. முடிவுத்துணை அமைப்புகளின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

• குழந்தைகளுக்கான இன்றியமையா மருந்துகளின் பட்டியலை உலக நலவாழ்வு அமைப்பு முதன்முதலாக 2007இல் வெளியிட்டது.

• உலக நோயாளர் பாதுகாப்பு நாள் செப்டம்பர் 17.

எச்சரிக்கை உரிய நேரத்தில் சேர்தல்

மருத்துவ அறிவு நூல்களிலும் சுற்றறிக்கைகளிலும் இருந்தால் மட்டும் போதாது. மருந்து எழுதும் கையை அது உரிய நேரத்தில் சென்றடையவேண்டும். அண்மைக்கால நிகழ்வொன்று இதனைத் துயரத்தோடு உணர்த்துகிறது.

சளி, மூக்கடைப்பு ஆகியவற்றுக்கான குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரு மருந்துகளின் கூட்டை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் அறிவுறுத்தினார். 2025ஆம் ஆண்டில் அதே வகைக் கூட்டு மருந்தைக் கொண்ட ஓர் இருமல் மருந்து மத்தியப்பிரதேசத்தில் குழந்தைகள் பலருக்கு எழுதித் தரப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்ட அம்மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்.

இங்கு இரு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். மருந்தில் நஞ்சு கலந்திருப்பதை முடிவுத்துணை மென்பொருளால் கண்டறிய இயலாது. அது மருந்துத் தர ஆய்வாளரின் பணி. ஆயினும், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இத்தகைய கூட்டு மருந்து எழுதப்படும்போது, ‘இவ்வயதினர்க்கு இது கூடாது’ என்று திரையில் எச்சரிக்கை தோன்றச் செய்ய இயலும். பெரும்பாலான சளியும் இருமலும் மருந்தின்றியே குணமாகக்கூடியவை. எனவே, தேவையற்ற மருந்தைத் தவிர்ப்பதும் பாதுகாப்பான மருத்துவத்தின் ஒரு கூறேயாகும்.

தேவையற்ற மருந்தைக் குறைத்தல்

காய்ச்சலோடு வரும் குழந்தைகளுள் பலருக்கு வைரசுகளே நோய்க்குக் காரணம். பாக்டீரியாவை அழிக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் வைரசுகளை ஒன்றும் செய்யா. எனினும், ஐயத்தின் காரணமாக அவை மிகுதியாக எழுதப்படுகின்றன. அதனால், மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. உண்மையிலேயே தேவைப்படும் நாளில் மருந்து பயனற்றதாகிறது.

இவ்வையத்தைக் குறைக்கும் வழிமுறையை உலக நலவாழ்வு அமைப்பும் யூனிசெப்பும் 1990களில் வகுத்தன. அதன் இந்திய வடிவத்தில் பச்சிளங்குழந்தை நலமும் சேர்க்கப்பட்டுள்ளது. அதில் ஒரு பகுதி வருமாறு: இருமலோடு வரும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுமையாக எண்ணவேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 40 என்னும் எண்ணிக்கையை எட்டினால் அது விரைமூச்சு ஆகும். வயதுக்கு ஏற்ப இந்த எல்லை மாறுவதை நினைவில் வைத்துக்கொள்வதைவிட, வயதைப் பதிவிட்டவுடன் கைப்பேசியே எல்லையைச் சொல்வது எளிதன்றோ?

தான்சானியா நாட்டில் 40 சுகாதார நிலையங்களில் இத்தகைய முடிவுத்துணை ஒன்று ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. 2023இல் வெளியான அதன் முடிவு குறிப்பிடத்தக்கது. வழக்கமான மருத்துவம் நடைபெற்ற நிலையங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி எழுதப்பட்டது. முடிவுத்துணையைப் பயன்படுத்திய நிலையங்களில் அது ஏறத்தாழ 23 விழுக்காடாகக் குறைந்தது. மருந்து குறைந்ததால் குழந்தைகளின் நலம் கெடவில்லை. குணமடையாதோர் விகிதம் இருவகை நிலையங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இந்தியாவிலும் இம்முயற்சி தொடங்கியுள்ளது. இந்தியா, கென்யா, செனகல், தான்சானியா ஆகிய நான்கு நாடுகளை உள்ளடக்கிய திட்டமொன்றில், உத்தரப்பிரதேசத்தின் சுகாதார நிலையங்களில் குருதியின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரற்கருவியும் முடிவுத்துணை மென்பொருளும் ஆராயப்பட்டன. 2020இல் பொதுமக்கள் வீட்டிலிருந்தே பயன்படுத்தும் வகையில் விரிவுபடுத்தப்பட்ட ‘இ-சஞ்சீவனி’ என்னும் தொலைமருத்துவச் சேவையிலும் முடிவுத்துணை வசதி பின்னர் இணைக்கப்பட்டுள்ளது.

கருவியாலும் பிழை நேரும்

கணினி கணக்கில் தவறாது. ஆனால், அதனிடம் தவறான விவரத்தைத் தந்தால் தவறான விடையையே தயங்காமல் தரும். 2013இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் நிகழ்ந்ததை இராபர்ட் வாக்டர் என்னும் மருத்துவர் 2015இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். அங்கிருந்த பதினாறு வயதுச் சிறுவனின் எடை 38.6 கிலோகிராம். அவனுக்கு 160 மில்லிகிராம் அளவுள்ள ஒரு மாத்திரை கொடுக்கவேண்டும். மருத்துவர் ‘160’ என்று பதிவிட்டார். ஆனால், 40 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுடையோர்க்கு அம்மென்பொருள் எண்ணை ‘ஒரு கிலோகிராமுக்கு’ என்று கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே, அது 160ஐ 38.6ஆல் பெருக்கியது. ஒரு மாத்திரைக்கு மாறாக முப்பத்தெட்டரை மாத்திரைகள் கணக்காயின.

மென்பொருள் எச்சரிக்கை செய்யாமல் இல்லை. எச்சரிக்கை மருத்துவரின் திரையிலும் மருந்தாளுநரின் திரையிலும் தோன்றியது. இருவருமே அதனைக் கடந்து சென்றனர். நாள்தோறும் சிறு செய்திகளுக்கெல்லாம் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருந்தால், பெரிய எச்சரிக்கையும் அவற்றுள் ஒன்றாகவே தோன்றும். இதனை ‘எச்சரிக்கைச் சலிப்பு’ எனலாம். மருந்தைக் கொடுத்த செவிலியர்க்கு ஐயம் எழுந்தது. ஆயினும், கணினி சரியென்று காட்டியதால் ஐயம் அடங்கியது. மாத்திரைகளை விழுங்கிய சிறுவனுக்கு வலிப்பு ஏற்பட்டது. நல்வாய்ப்பாக அவன் உயிர் பிழைத்தான்.

கருவியை நடைமுறைப்படுத்தும் விதமும் முதன்மையானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் கணினிவழி மருந்து ஆணைமுறை ஆறே நாள்களில் நடைமுறைக்கு வந்தது. பிற மருத்துவமனைகளிலிருந்து அங்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57 விழுக்காடாக உயர்ந்திருந்ததை 2005இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. குழந்தை வந்துசேரும் முன்பே மருந்தை ஆயத்தம் செய்யும் பழைய வழக்கத்திற்குப் புதிய முறை இடம்தரவில்லை. மருத்துவரும் செவிலியரும் குழந்தையின் அருகில் இருக்கவேண்டிய நேரம் கணினியின்முன் கழிந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழந்தைகள் மருத்துவமனையிலோ, இத்தகைய ஆணைமுறை வந்தபின் இறப்பு விகிதம் 20 விழுக்காடு குறைந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே வகைக் கருவி ஓரிடத்தில் தீமையோடும் மற்றோரிடத்தில் நன்மையோடும் சேர்ந்து காணப்பட்டதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். பணியாற்றுவோரின் நடைமுறையோடு கருவி இயைந்து செல்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

நம் கடற்கரைக்கு ஏற்ற கருவி

பழையகாயல், புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பார் போன்ற கடலோர ஊர்களுக்கும், உப்பளங்கள் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் இத்தகைய முடிவுத்துணை பயன்பட வேண்டுமாயின், அது எவ்வாறு அமைதல் வேண்டும்?

முதலாவதாக, இணையத் தொடர்பு இல்லாதபோதும் அது இயங்கவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டத்தின் பல ஊர்கள் வெள்ளத்தால் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் நின்றுபோயின. வெள்ளம் வடிந்தபின் வரும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இணையம் சீராகும்வரை காத்திருப்பதில்லை. எனவே, மென்பொருளின் அறிவுத்தொகுப்பு கருவியிலேயே இருத்தல் வேண்டும். அச்சிட்ட அளவு அட்டவணையும் மேசைமேல் இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, எடைக்கருவி செம்மையாக இருத்தல் வேண்டும். எடையைத் தவறாகக் காட்டும் கருவியின்மீது எத்தகைய மென்பொருளைக் கட்டியெழுப்பினும் பயனில்லை. மூன்றாவதாக, அந்நிலையத்தின் மருந்தகத்தில் கையிருப்பில் உள்ள மருந்துகளையும் அவற்றின் செறிவுகளையும் மென்பொருள் அறிந்திருக்கவேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்க 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தன் மருந்துக் கிடங்குகளின் இருப்பைக் கணினிவழியே கண்காணித்து வருகிறது. இவ்விரு செய்திகளும் ஒன்றோடொன்று இணைந்தால், இல்லாத மருந்தை எழுதும் நிலை நேராது.

நான்காவதாக, மருத்துவர்க்கான விளக்கம் எம்மொழியில் இருப்பினும், பெற்றோர்க்கான விளக்கம் தமிழில் இருத்தல் வேண்டும். ‘காலை 5 மில்லிலிட்டர், இரவு 5 மில்லிலிட்டர், ஐந்து நாள்’ என்று தெளிவாக அச்சிட்ட தமிழ்ச்சீட்டு, மீன்பிடித் துறையிலிருந்தோ உப்பளத்திலிருந்தோ விரைந்து வந்து மருந்து வாங்கிச் செல்லும் தாய்க்கு உறுதுணையாகும். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதித்தது. படிக்கத் தக்க மருந்துச்சீட்டைப் பெறுவது நோயாளியின் உரிமை என்பதை அவ்விதி உணர்த்துகிறது.

நம் பங்கு

மருந்தை எழுதுவது மருத்துவரின் பணியாயினும், அவருக்கு உண்மையான விவரங்களைத் தருவது வீட்டாரின் கடமையாகும். வீட்டிலுள்ள குழந்தையின் அண்மைய எடையை அறிந்து சொல்லுதல், முன்பு ஒவ்வாத மருந்தின் பெயரைக் குறித்துவைத்தல், பழைய மருந்துச்சீட்டைக் காட்டுதல், வேறு மருந்து கொடுத்திருப்பின் அதனை மறைக்காமல் கூறுதல் ஆகியவை அவற்றுள் சில. மருந்தோடு வரும் அளவு மூடியையே பயன்படுத்துதல் வேண்டும். அண்ணனுக்கு எழுதிய மருந்தைத் தம்பிக்கும், சென்ற ஆண்டு எழுதிய அளவை இவ்வாண்டும் கொடுத்தல் கூடாது. குழந்தை வளர்ந்திருக்கும், எடை மாறியிருக்கும். மருந்தளவில் ஐயம் எழுந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ தயங்காமல் கேட்கவேண்டும். கலிபோர்னியச் செவிலியரின் உள்ளத்தில் எழுந்த ஐயம் கேள்வியாக வெளிப்பட்டிருந்தால், அச்சிறுவன் அந்த மாத்திரைகளை விழுங்கியிருக்க மாட்டான்.

(பாடத்தில் இடம்பெற்ற மருந்தளவுகள் கணக்கீட்டை விளக்குவதற்கே தரப்பட்டுள்ளன. மருத்துவரின் அறிவுரையின்றி எம்மருந்தையும் குழந்தைகளுக்குக் கொடுத்தல் கூடாது.)

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள அங்கன்வாடி மையத்திற்குச் சென்று, குழந்தைகளின் எடை எவ்வாறு அளக்கப்பட்டுப் பதிவுசெய்யப்படுகிறது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. வீட்டிலுள்ள மருந்துப் புட்டிகளின் உறைகளில் ‘5 மில்லிலிட்டரில் இத்தனை மில்லிகிராம்’ எனக் குறிக்கப்பட்டிருப்பதைப் பெரியவர் துணையோடு படித்து, அச்செறிவுகளை அட்டவணைப்படுத்துக.

3. ‘மருத்துவத்தில் கணினி – துணைவனா, தலைவனா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. பச்சிளங்குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது கவனிக்கவேண்டியவற்றைப் பெற்றோர்க்கு விளக்கும் தமிழ்த் துண்டறிக்கை ஒன்றை எளிய நடையில் உருவாக்குக.